கையில் அடங்கும் கட்டுச்சோறு



பள்ளி நாள்களில் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் ஒரு சிறு போராட்டம் நடைபெறுகிறது. சோறு வடிக்க வேண்டும். குழம்பு கொதிக்க வேண்டும். டிபன் பாக்ஸ் நிரம்ப வேண்டும். இத்தனை பாடுபட்டு அனுப்பிய உணவில் பாதி மாலையில் அப்படியே திரும்பி வருகிறது என்பது தாய்மார் பலர் நம்மிடம் கூறும் குறை. பிள்ளை அடம் பிடிக்கிறான் என்று சிலர் சினக்கின்றனர்; கை மணம் போதவில்லையோ என்று சிலர் கலங்குகின்றனர்.

ஆனால் பிள்ளை உண்ணும் இடத்தையும் நேரத்தையும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? மணி அடித்ததும் குழாயடியில் நீண்ட வரிசை. பின்னர் அமர ஓர் இடம் தேட வேண்டும். குழம்பு கசிந்து மூடியெல்லாம் பிசுபிசுத்திருக்கும். அதைத் துடைத்துப் பிசைந்து நான்கு கவளம் உண்பதற்குள் மறுமணி அடித்துவிடுகிறது. நல்ல சுவையுள்ள உணவும் உண்ணப்படாமற் போவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. மேசையும் தட்டும் ஓய்வும் இல்லாத உழைப்பாளிகள் எங்கெல்லாம் இருந்தனரோ, அங்கெல்லாம் கையில் எடுத்தபடியே உண்ணும் உணவு ஒன்று பிறந்திருக்கிறது. அவற்றுள் சிலவற்றை இத்திங்கள் காண்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்னும் பகுதி உள்ளது. பல நூற்றாண்டுகளாக அங்கே வெள்ளீயமும் செம்பும் தோண்டி எடுத்து வந்தனர். சுரங்கத்துள் இறங்கியவன் வேலை நேரம் முடியும்வரை வெளிச்சத்தைக் காணமாட்டான். நடுவில் உண்பதற்காக மேலே ஏறி வருவதும் இயலாது. அத்தகையோர் உடன் கொண்டுசென்ற உணவே பாஸ்டி. கோதுமை மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவே மாட்டிறைச்சித் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் இனத்து மஞ்சள் கிழங்கு ஆகியவற்றைப் பச்சையாகவே வைத்து, உப்பும் மிளகும் தூவி, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு போல் முறுக்கி, அடுப்பில் மெதுவாகச் சுடுவர். கிறிஸ்து பிறப்புக்கு நம் இல்லங்களில் செய்யும் சோமாசியைச் சற்றுப் பெரிதாக எண்ணிக்கொண்டால் வடிவம் விளங்கிவிடும். உள்ளிருப்பவை தம் சாற்றிலேயே வேகின்றன. மாவுறையோ சூட்டைக் காக்கிறது, பாத்திரமாக அமைகிறது, முடிவில் உணவாகவும் ஆகிவிடுகிறது.

தொழிலாளியின் கையில் நச்சுத் தாது படிந்திருக்கும் என்பதால், முறுக்கிய ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு அதனை எறிந்துவிடுவர் என்றொரு கதை பரவலாக வழங்குகிறது. பழைய நிழற்படங்களிலோ தொழிலாளர் பாஸ்டியைத் துணிப்பையில் வைத்துப் பிடித்தபடி உண்பதைக் காண்கிறோம். கதையைவிடத் துணிப்பையே நமக்கு நல்ல பாடம். ஒரு மூலையில் உண்பவர் பெயரின் முதலெழுத்தை மாவாலேயே பதிப்பதும் உண்டு. பாதி உண்டு வைத்தாலும் மற்றொருவருடையதோடு மாறிவிடாது. இருண்ட சுரங்கத்தில் தன் பெயரெழுத்தைத் தடவிப் பார்க்கும் மனிதனுக்கு, தன்னை எண்ணிச் சமைத்த ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பது நினைவுக்கு வராமலா போயிருக்கும்?

1820-களில் இத்தொழிலாளர் மெக்சிக்கோ நாட்டின் ரியல் டெல் மோன்ட்டே வெள்ளிச் சுரங்கங்களுக்குச் சென்றபோது பாஸ்டியும் உடன் சென்றது. இன்றும் அவ்வூரில் மிளகாய் சேர்த்து, 'பாஸ்டே' என்ற பெயரில் அதனை விற்கின்றனர். கார்ன்வாலின் சவுத் குரோஃப்டி சுரங்கம் 1998-ஆம் ஆண்டில் மூடப்பட்டது, பாஸ்டியோ வாழ்கிறது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. தென் அமெரிக்க நாடுகளில் இதே அரைவட்ட வடிவில் எம்பனாடா செய்வர். ரொட்டியால் பொதியப்பட்டது என்பது அப்பெயரின் பொருள். அர்ஜென்டினாவில் தவக்காலத்து ஒறுத்தல் நாள்களில் இறைச்சியை நீக்கி டூனா மீன் வைத்துச் செய்யும் வழக்கமும் உண்டு.

கோதுமை விளையும் நாடுகளுக்கு இது பொருந்தும். சோறு உண்போர் என் செய்வர்? ஜப்பானியர் விடை கூறுகின்றனர். அவர்தம் ஓனிகிரி என்பது கையால் பிடித்த சோற்று உருண்டையே. 1987-இல் இஷிகாவா மாநிலத்தில் நடந்த அகழாய்வில், கரியாகிப்போன அரிசிக் கட்டி ஒன்று கிடைத்தது. அது ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமை உடையது. அத்துணை நீண்டது இவ்வழக்கம். கையை நீரில் நனைத்து, சிறிது உப்பைத் தடவிக்கொண்டு, வெந்த சோற்றை முக்கோணமாகவோ உருண்டையாகவோ அழுத்திப் பிடிப்பர். நடுவே உமெபோஷி என்னும் புளித்த உப்பூறுகாய் ஒன்றைப் பொதிவர். வெளியே உலர்ந்த கடற்பாசித் தாளைச் சுற்றுவர். புளிப்பும் உப்பும் சுவைக்காக மட்டுமல்ல. சோறு விரைவில் கெடாமல் தடுப்பதற்கும் அவை துணை செய்கின்றன. வழிப்பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிய நம் பாட்டிமாரும் இதே அறிவைப் பெற்றிருந்தனர் அன்றோ?

மெக்சிக்கோ நாட்டு மக்களோ சோளத்தை நம்பி வாழ்ந்தோர். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, கழுவி அரைத்து, தட்டையான அடையாகச் சுடுவர். அதுவே டார்ட்டியா. வெந்த பயறோ, இறைச்சியோ, மிளகாய்ச் சாந்தோ வைத்துச் சுருட்டினால் கைக்கு அடக்கமான உணவு ஆகிவிடும். சுண்ணாம்பு எதற்கு? சோளத்தில் நயாசின் என்னும் உயிர்ச்சத்து, உடல் ஏற்க இயலாத நிலையில் கட்டுண்டு கிடக்கிறது; சுண்ணாம்பு நீரே அதனை விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர், இம்முறையைக் கொண்டுசெல்லவில்லை. விளைவு, சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழைகளிடையே பெல்லக்ரா என்னும் கொடிய நோய் பரவிற்று. 1735-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கஸ்பார் கசால் அதனை விவரித்தார். நயாசின் குறைவே அந்நோய்க்குக் காரணம் என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று. எழுதப் படிக்க அறியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அடுக்களைப் பழக்கம் ஒன்றில் எத்துணைப் பெரிய மருத்துவம் அடங்கியிருந்தது பாருங்கள்!

வட கோடியிலுள்ள நார்வே நாட்டில் பிள்ளைகளும் பெரியோரும் மாட்பாக்கே என்னும் உணவுப் பொதியைக் கொண்டுசெல்வர். முழுத் தானிய ரொட்டித் துண்டுகளின்மேல் பாலாடைக்கட்டி முதலியவற்றை வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு இடையே மெல்லிய தாளை இட்டு, அடுக்கிச் சுற்றுவர். அவ்வளவே. அதில் ஆடம்பரம் இல்லை. சில நிமிடங்களில் ஆயத்தமாகிவிடும். 1930-களில் கார்ல் ஷியோட்ஸ் என்னும் மருத்துவப் பேராசிரியரின் கருத்துப்படி, ஓஸ்லோ நகரப் பள்ளிகள் ரொட்டி, பால், பழம் அல்லது காரட் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு வழங்கின. சூடான சமையல் இல்லாமலே நிறைவான உணவு தரலாம் என்பதை அது காட்டிற்று.

இவற்றினின்று நம் வீட்டுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்? இறைச்சிப் பாஸ்டியும் கடற்பாசியும் வேண்டியதில்லை. அவற்றின் இலக்கணம் போதும். அவ்வுணவு கையில் எடுத்தால் உதிரக் கூடாது, ஒழுகக் கூடாது, உண்ணும் வேளைவரை கெடக் கூடாது. புழுங்கலரிசிச் சோறு உருண்டையாக நிற்காது. பச்சரிசியைச் சற்றுக் குழைய வடித்து, புளிக்காய்ச்சலோ எலுமிச்சையோ கலந்து, ஈரக் கையால் அழுத்திப் பிடித்து, வாட்டிய வாழையிலைத் துண்டில் பொதியலாம். சப்பாத்தியில் வறட்சியாக வதக்கிய உருளைக்கிழங்கையோ, முட்டைப் பொரியலையோ, அவித்து மசித்த பயற்றையோ வைத்து இறுகச் சுருட்டலாம். ரொட்டித் துண்டுகளில் வெள்ளரியும் தக்காளியும் வைப்பதாயின், இரு பக்கமும் வெண்ணெய் தடவிவிடுங்கள். காயின் நீர் ரொட்டியில் ஊறாது.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சூடான சோற்றை உடனே இறுக மூடாதீர்கள். ஆவி நீராகி உணவை நனைத்துவிடும். சமைத்த சோற்றை வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் வைப்பதும் கேடு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடேற்றினாலும் அந்நஞ்சு நீங்காது. ஆதலின் அன்று காலை சமைத்ததை அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்துக் கட்டுங்கள். முந்திய இரவுச் சோறு இதற்கு ஆகாது. பிடிக்கும் கை சோப்பிட்டுக் கழுவிய கையாக இருக்கட்டும்.

மற்றொன்றும் கூற விழைகிறோம். இவ்வுணவுகளைப் பிடிக்கவும் சுருட்டவும் பெரிய கைத்திறன் வேண்டியதில்லை. அப்படியிருக்க, வீடு முழுவதும் உறங்கும்போது தாய் மட்டும் ஏன் விழித்திருக்க வேண்டும்? தந்தை சப்பாத்தியைச் சுருட்டலாம். எட்டு வயதுப் பிள்ளை தன் உருண்டையைத் தானே பிடிக்கலாம். தானே பிடித்ததைப் பிள்ளை மீதம் வைப்பது அரிது. உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பத்தில் உணவுக்கும் மதிப்புக் கூடும்.

இறுதியாக, கட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லாத பிள்ளையையும் நினைப்போம். ஜப்பானின் வடபகுதியில் ட்சுருவோக்கா என்னும் ஊர் உள்ளது. அங்கே பௌத்தத் துறவியர் சிலர் ஏழைப் பிள்ளைகளுக்காகக் கோயில் வளாகத்தில் ஒரு பள்ளியை நடத்தினர். பிள்ளைகளிற் பலர் மதிய உணவின்றி வருவதைக் கண்டு, 1889-ஆம் ஆண்டில் அவர்களுக்கு உணவளிக்கத் தொடங்கினர். அதற்கான பொருளை வீடுவீடாகச் சென்று பிச்சையேற்றுச் சேர்த்தனர். அவர்கள் தந்தது சோற்று உருண்டையும், உப்பிட்டுச் சுட்ட மீனும், ஊறுகாயும். ஜப்பானியப் பள்ளி உணவின் தொடக்கம் என்று அதனையே போற்றுகின்றனர்.

கையடக்க உணவுக்கு இதனினும் பெரிய சிறப்பு இல்லை. பிசைந்த சோற்றைப் பிறருக்குப் பங்கிடுவது கடினம். கொடுப்பவனும் கூசுவான், பெறுபவனும் கூசுவான். உருண்டையை எடுத்து நீட்டுவது எளிது. அதில் ஒருவருக்கும் தாழ்வில்லை. எனவே நாளைக் காலை கட்டும்போது, உங்கள் பிள்ளையின் பசிக்குப் போதுமானதை வைத்தபின், மேலும் ஒன்றைச் சேர்த்து வையுங்கள். அது யாருக்கு என்பதைப் பிள்ளையே கண்டுகொள்வான்.