நடிகர் வாக்கும் நாடக மூலமும்

ஒரு பாத்திரத்தைப் பற்றி ஐயம் எழும்போது அப்பாத்திரம் வாழும் ஆக்கத்தை மீண்டும் படிக்காமல், அதனை நடித்தவர் என்ன சொன்னார், நெறிப்படுத்தியவர் என்ன சொன்னார் எனத் தேடிச் செல்லும் வழக்கம் கலை விமரிசனத்தில் வேரூன்றிவிட்டது. நேர்காணலிலோ நினைவுக் குறிப்பிலோ அவர்கள் கூறிய வாக்கியமொன்று அகப்பட்டதும் விவாதம் முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகின்றது. 'அவரே சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன உண்டு?' என்பதே இத்தகையோரின் இறுதி வாதம். பணிவின் கோலத்தில் வரும் சோம்பலே இது. படிப்பவனுக்குரிய கடமையை இன்னொருவர் தோளில் இறக்கிவைப்பதன்றி இதனால் விளையும் பயன் வேறில்லை.

நடிகரின் பங்கினைக் குறைத்து மதிப்பிடுவதாக இதனைக் கொள்ளலாகாது. எழுத்துருவிலுள்ள பாத்திரத்துக்குக் குரலும் நடையும் மௌனமும் தருபவர் நடிகரே. மேடையில் அவர் செய்வது ஒரு விளக்கம். அவ்விளக்கம் நாடகத்தின் ஏனைய பாத்திரங்களோடும் உரையாடல்களோடும் மோதி, பார்வையாளர் கண்முன்னே சோதனைக்குள்ளாகின்றது. மேடையை விட்டு இறங்கியபின் அப்பாத்திரம் பற்றி அவர் கூறுவதோ எவ்விதச் சோதனைக்கும் உட்படாத கருத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்தே குழப்பம் தொடங்குகின்றது.

அன்ரன் செக்கோவின் 'செரிப்பழத் தோட்டம்' இதற்குத் தக்க சான்றாகும். 1904 ஜனவரியில் மொஸ்கோ கலை அரங்கம் இந்நாடகத்தை முதன்முறையாக மேடையேற்றிற்று. செக்கோவ் இதனை இன்பியல் நாடகமென்றே குறிப்பிட்டிருந்தார். ஸ்ரனிஸ்லவ்ஸ்கியோ எழுத்துருவைப் படித்துக் கண்ணீர் விட்டதாகவும், ஆசிரியர் என்ன சொன்னபோதிலும் இது துன்பியலே என்றும் அவருக்கு எழுதினார். நாடகத்தை நெறிப்படுத்தியவர்களுள் ஒருவரும், காயெவ் என்னும் பாத்திரத்தை ஏற்று நடித்தவரும் அவரே. அளிக்கையைக் கண்ட செக்கோவ், தம் நாடகம் பாழாக்கப்பட்டதென மனைவிக்கு எழுதினார். அம்மனைவியாகிய ஒல்கா நிப்பரே ரனேவ்ஸ்கயாவாக நடித்தவர் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. எழுதியவர் ஒரு பக்கம். நெறிப்படுத்தி நடித்தவர் மறுபக்கம். 'அவரே சொல்லிவிட்டார்' என்போர் இவ்விடத்து எந்த 'அவரை'ப் பின்பற்றுவர்?

மூலத்தை நோக்குமிடத்து இருவர் கூற்றும் ஒரே அளவுகோலுக்கு உட்படுகின்றன. லொப்பாகின் முரட்டு வணிகனல்லன், பண்புடைய மனிதன் எனச் செக்கோவ் வற்புறுத்தினார். நாடகமும் அதனை உறுதிப்படுத்துகின்றது. பண்ணை அடிமைகளின் வழிவந்த அவன், ஏலத்தில் தோட்டம் பறிபோகாதிருக்க வழி சொல்கிறான். கடன் தரவும் முன்வருகிறான். ஈற்றில் தோட்டத்தைத் தானே வாங்கிய களிப்பின் உச்சத்திலும், சீர்கெட்ட இவ்வாழ்வு விரைவில் மாறாதா எனக் கண்ணீரோடு ஏங்குகிறான். இங்கு ஆசிரியரின் கூற்று ஏற்புடையதாவது அது ஆசிரியருடையது என்பதாலன்று. எழுத்துரு அதற்குச் சான்று பகர்வதாலேயே.

ஆனால் அதே ஆசிரியர், எழுத்துருவில் பன்முறை வரும் 'கண்ணீரினூடே' என்ற குறிப்பு மனநிலையை மட்டுமே சுட்டுவது, உண்மைக் கண்ணீரை அன்று எனவும் கடிதமொன்றில் விளக்கினார். இது நாடகத்தை இன்பியலாகக் காக்க அவர் பின்னர் அளித்த உரை. பூட்டிய வீட்டினுள் மறக்கப்பட்டுத் தனியே கிடக்கும் முதிய பணியாளன் பியர்ஸும், கோடரி மரத்தில் விழும் ஓசையும் நாடகத்தின் முடிவில் இருக்கும்வரை, ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் துயரமும் ஆதாரமற்றதென ஒதுக்கப்பட முடியாதது.

நான்காம் அங்கம் பற்றிய பிணக்கு இன்னும் தெளிவானது. அதிகமாகப் போனால் பன்னிரண்டு நிமிடங்களில் முடியவேண்டிய அங்கத்தை ஸ்ரனிஸ்லவ்ஸ்கி நாற்பது நிமிடங்களுக்கு இழுத்துவிட்டார் எனச் செக்கோவ் குறைப்பட்டார். அந்த அங்கத்திலோ லொப்பாகின், புகைவண்டிக்கு 46 நிமிடங்களே உள்ளன, 20 நிமிடங்களில் புறப்பட வேண்டும் என அறிவிக்கிறான். சற்றுப் பின்னர் ரனேவ்ஸ்கயா இன்னும் பத்து நிமிடங்களில் வண்டியேறலாம் என்கிறாள். மேடைக் காலமும் கடிகாரக் காலமும் ஒன்றாதல் வேண்டுமென்பதில்லை. எனினும் புறப்பாட்டின் அவசரத்தை நாடகமே அளந்து வைத்திருக்கின்றது. நெறியாளரின் நாற்பது அதனை மீறுகின்றது. ஆசிரியரின் பன்னிரண்டோ அதனுள் அடங்குகின்றது. லொப்பாகினின் கடிகாரத்துக்கு இருவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

இது பழைய காலத்துப் பூசல் என ஒதுக்குவோர் 1982 இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' திரைப்படத்தை நோக்குக. அதன் நாயகன் டெக்கார்ட் மனிதனா, செயற்கை மனிதனா என்ற வினாவுக்கு, நெறியாளர் றிட்லி ஸ்கொட் செயற்கை மனிதனே என்றார். டெக்கார்டாக நடித்த ஹரிசன் போர்ட் மனிதனே என்று வாதிட்டார். இருவரும் படைத்தவர்களே, இருவர் சொல்லும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. சாட்சிகளின் தகுதியைக் கொண்டு தீர்ப்பளிக்க முனைவோர், நெறியாளர் பெரியவரா நடிகர் பெரியவரா என்ற பதவி விசாரணையிலேயே சிக்குவர். படத்தைப் பார்ப்பவரோ பயன்தரும் கேள்வியொன்றை அடைவர். டெக்கார்ட் கண்ட ஒற்றைக் கொம்புக் குதிரைக் கனவு 1982 வடிவத்தில் இல்லை. 1992 வடிவத்திலேயே சேர்ந்தது. முடிவில் அவன் கையிற் கிடைக்கும் அக்குதிரையின் சிற்றுருவம் இரண்டிலும் உண்டு. கனவோடு சேரும்போது அவ்வுருவம் பெறும் பொருள் வேறு. கனவின்றி நிற்கும்போது பெறும் பொருள் வேறு. ஆகவே எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே முதல் வினா. அதற்கு எந்த நேர்காணலும் விடையாகாது.

எதிர்ப்பக்கத்தாரின் வலிய வாதம் ஒன்றுண்டு. பாத்திரத்தோடு நெடுநாள் வாழ்ந்தவருக்கு வெளியிலுள்ளவர் காணாத நுட்பங்கள் புலப்படும் என்பர். உண்மையே. ஆக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதற்கு அவர்களின் சொல் அரிய சான்று. உருவான ஆக்கம் என்ன பொருள் தருகின்றது என்பதற்கோ அது பல கருத்துக்களுள் ஒன்று மட்டுமே. தமிழ் மாணவருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. நூல் வேறு, உரை வேறு என்பது நம் கல்வி மரபின் அரிச்சுவடி. பரிமேலழகர் உரையைப் போற்றியோர் எவரும் அதனைக் குறளென மயங்கவில்லை. அவரோடு மாறுபட்டோரும் குறளைக் காட்டியே மாறுபட்டனர். உரையாசிரியருக்கு அளிக்காத விலக்கை நடிகருக்கும் நெறியாளருக்கும் அளிப்பதற்கு நியாயம் யாது?

படைத்தவரின் அனுமதியும் மூலத்தை மாற்றுவதில்லை. ஷேர்லக் ஹோம்ஸை 1899 இல் மேடையேற்றிய வில்லியம் ஜில்லெற், நாடகத்தில் ஹோம்ஸுக்கு மணம் செய்து வைக்கலாமா எனக் கேட்டபோது, மணமுடிக்கலாம், கொல்லலாம், விரும்பியதைச் செய்யலாம் எனக் கொனன் டொயில் விடையளித்தார். நாடகத்து ஹோம்ஸ் காதல் வயப்பட்டார். கதைகளின் ஹோம்ஸோ ஈறுவரை மணமாகாதவராகவே இருக்கின்றார். இரண்டும் வெவ்வேறு ஆக்கங்களாய் வாழ்வதில் எவருக்கும் இடையூறில்லை. ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்த முனையும்போதே இடையூறு எழுகின்றது.

இப்பிரச்சினை இரசனை வட்டத்தோடு நின்றுவிடுவதன்று. புகழ்பெற்றவரின் ஒரு வாக்கியம் நூறு வாசகரின் கவனமான வாசிப்பைத் தள்ளிவிடுமாயின், விமரிசனம் ஆராய்ச்சியாக இராது. அதிகாரத்துக்கு வணக்கம் செலுத்தும் சடங்காகிவிடும். மூலத்திலிருந்து வரி காட்டி வாதிடும் மாணவன், 'நடித்தவரைவிட உனக்குத் தெரியுமா?' என்ற ஒரே கேள்வியால் வாயடைக்கப்படுவான். பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டியது இக்கேள்விக்கு அஞ்சாமையை. அதற்குரிய விடையும் எளிது: நடித்தவர் தம் கருத்துக்கு நாடகத்தில் எவ்விடத்தைக் காட்டுகிறார்? காட்டினால் ஏற்போம், காட்டாவிடின், அவர் எத்துணைப் பெரியவராயினும், அவரது கருத்து மேடைக்கு வெளியே நிற்கட்டும்.