அரம் பிடிக்கத் தெரியாத கையில் மிஷினைக் கொடுக்காதீர்கள்

மரம் அறுக்கும் மிஷினை நாள் வாடகைக்கு விடுவது கொத்தமங்கலம், கோட்டையூர் பக்கமும் வந்துவிட்டது. ஆன்லைனில் சொன்னால் வாசலிலேயே வந்து இறங்குகிறது. அறுக்கப் போகிறவருக்குச் செயினைத் தீட்டத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த மிஷினை ஓட்டியும் பழுது பார்த்தும் பிழைக்கிறவன் நான். எனக்கு இது பெரிய கவலை.

விபத்து என்றதும் வேகத்தின் மேல் பழி போடுகிறார்கள். நான் பார்த்தவரை முதல் காரணம் மழுங்கிய செயின். கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும், சீவல் சீவலாகத் தள்ளும். மாவாகக் கொட்டினால் பல் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது நிறுத்தாமல் உடம்பைக் கொடுத்து அழுத்துவார்கள். செயின் ஓடும் பார் சூடேறும், கை ஓய்ந்துபோகும், கவனம் தப்பும். பார் முனையின் மேல்பாதி பக்கத்துக் கிளையில் பட்டால் மிஷின் முகத்தைப் பார்த்து உதைக்கும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. கையை இழுக்க ஏது நேரம்? அதற்காகத்தான் முன்கைப்பிடியை ஒட்டிச் செயின் பிரேக் வைத்திருக்கிறார்கள். இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப்போட்ட மிஷின்கள் என்னிடம் வருகின்றன. பிரேக்கை மாட்டாமல் திருப்பித் தர மாட்டேன்.

எங்கள் பக்கம் செயின் சீக்கிரம் மழுங்கும். கண்மாயில் சீமைக் கருவேலத்தைத் தூரோடு அறுக்கும்போது சரளையில் ஒருமுறை உரசினாலே பல் தேய்ந்துவிடும். ரோட்டோர மரம் என்றால் விளம்பரத் தட்டி அடித்த ஆணி உள்ளே புதைந்து கிடக்கும்.

இன்று புழக்கத்தில் இருக்கும் செயின் பல்லுக்கு வழிகாட்டியவர் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி. 1946-ல் வண்டுப் புழு ஒன்று கட்டையை இடமும் வலமுமாக அரித்துப் போவதைக் கவனித்து, அதன் தாடையைப் பார்த்தே பற்களை மாற்றி மாற்றி அமைத்தார். அதனால்தான் உருண்டை அரத்தால் இரண்டு பக்கப் பல்லையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டைத் தட்டை அரத்தால் அளவாக இறக்க வேண்டும். அதிகம் இறக்கினால் பல் ஆழமாகக் கடித்து, அப்போதும் மிஷின் உதைக்கும். அரை நாளில் கற்றுக்கொள்ளலாம்.

‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று வருகிற மிஷினில் பாதிக்கு நோயே கிடையாது. முதல் இருமலுக்குப் பிறகும் சோக்கைத் தள்ளாமல் கயிற்றை இழுத்துப் பெட்ரோலில் மூழ்கடித்திருப்பார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, சோக்கைத் தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்கப் பிடித்து இழுத்தால் பிடித்துக்கொள்ளும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பல மிஷின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே 2டி ஆயிலைக் கையேடு சொன்ன அளவில், அந்த வாரத்துக்கு மட்டும் கலக்குங்கள். மிஷினை எடுத்து வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மிஷினைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அறுக்க இறங்கினார்கள். விழுந்த மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. வளைந்து கிடக்கும் தண்டின் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மறுபக்கம் விறைத்திருக்கும். நசுங்கிய பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் விறைத்த பக்கத்துக்குப் போக வேண்டும். மாற்றி அறுத்தால் பார் சிக்கும், அல்லது தண்டு தெறித்துக் காலை அடிக்கும்.

வேளாண் பொறியியல் துறை பவர் டில்லருக்கு மானியம் தருகிறது. இந்த மிஷினுக்குப் பயிற்சியும் தர வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் அரம், வலை வைத்த தலைக்கவசம், கால் கவசம் இல்லாமல் மிஷினைக் கொடுக்கக் கூடாது என்று விதி போட வேண்டும். கால் கவசத்தில் செயின் பட்டால் உள்ளிருக்கும் நார் உருவிக்கொண்டு வந்து சுற்றிச் செயினை நிறுத்திவிடும். நம் வெயிலுக்கு முழுக் கால்சட்டை தாங்காது என்கிறார்கள், சரிதான். முன்பக்கம் மட்டும் கட்டுகிற கவசமும் கடையில் இருக்கிறது.

ஐப்பசிக்கு முன்னால், இந்தப் பயிற்சிக்காக ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், காசு வேண்டாம்.