இரண்டு நாள், பத்து இடம், ஒரு டெல்லி

சனி, ஞாயிறு இரண்டே நாளில் டெல்லியைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ! வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் விமானம் ஏறுகிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியோடு பாட்டி. ஞாயிறு ராத்திரி திரும்பி வரும்போது அப்பாவின் செல்போனில் அறுநூறு போட்டோ இருக்கிறது. பாட்டிக்குக் கால் வீங்கியிருக்கிறது. "என்னடா பார்த்தே?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டால், "நிறைய பார்த்தோம் மாமா" என்கிறான் சின்னவன். அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.

அது அவன் தப்பில்லை. எல்லாம் அந்தப் பட்டியல் செய்கிற வேலை. செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை (வெளியே இருந்துதான்), குதுப்மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், பிர்லா மந்திர், கரோல் பாக், சரோஜினி நகர். வேன் டிரைவரிடம் இருப்பதும் இதுதான், அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததும் இதுதான். ஒரு இடத்துக்கு ஒரு மணி நேரம். டிக்கெட் வரிசை, பாதுகாப்புச் சோதனை, கழிப்பறை தேடுவது எல்லாம் போனால் மிச்சம், குடும்பத்தை வரிசையாக நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கிற நேரம். வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செங்கோட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த கோட்டை. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை 1858-ல் ஆங்கிலேயர் விசாரித்ததும் இங்கேதான். பிறகு அவரை பர்மாவுக்கு நாடு கடத்தினார்கள். 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு நடந்ததும் இதே கோட்டைக்குள்தான். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நேதாஜிக்கும் அந்தப் படைக்குமான அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே 2019-ல் திறக்கப்பட்டது. ஒரு தமிழ்க் குடும்பம் அவசியம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஆனால் அதற்குள் டிரைவரிடமிருந்து போன் வந்துவிடுகிறது. லாகூர் வாசல் முன்னால் ஒரு போட்டோ, அத்தோடு செங்கோட்டை முடிந்தது!

அடுத்து ராஜ்காட். காந்தியை எரியூட்டிய இடத்துக்கு எல்லோரும் போகிறார்கள், நல்லதுதான். அவர் சுடப்பட்ட பிர்லா மாளிகை எத்தனை பேருடைய பட்டியலில் இருக்கிறது? இன்று அதன் பெயர் காந்தி ஸ்மிருதி. கடைசி 144 நாட்கள் அவர் தங்கியிருந்த வீடு. அனுமதி இலவசம். 1948 ஜனவரி 30 மாலை அவர் பிரார்த்தனைக்கு நடந்துபோன வழியைக் காலடித் தடங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை அதன் பக்கத்திலேயே நடந்துபோய், தடம் நிற்கிற இடத்தில் "ஏன் இங்கேயே முடிஞ்சுபோச்சு?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வருவதற்காகவே டெல்லி வரை போகலாம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "வாழ்க்கையில ஒரு தடவைதான் வர்றோம், இவ்வளவு செலவு பண்ணிட்டு எல்லாத்தையும் பார்க்க வேண்டாமா?" இதில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேருக்கு விமான டிக்கெட் என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரே தடவைதான் என்றால் இன்னும் நிதானமாக அல்லவா பார்க்க வேண்டும்? கல்யாண விருந்து ஒரு நாள்தான் என்பதற்காக இலையில் இருப்பதை எல்லாம் ஐந்து நிமிடத்தில் விழுங்கினால் ருசி தெரியுமா, வயிறுதான் தாங்குமா?

இந்த ஓட்டத்துக்கு விலை கொடுப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். குதுப்மினாரில் எல்லோரும் இறங்கிப் போக, பாட்டி வேனிலேயே உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் கையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை, புளியோதரைப் பொட்டலம், சின்னவனின் ஸ்வெட்டர். எதையும் தொலைக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே அவருடைய டெல்லி முடிந்துவிடுகிறது. பட்டியல் போடும்போது இந்த இரண்டு பேரையும் யாரும் கேட்கவே இல்லை.

இரண்டு நாளுக்கு மூன்று இடம் போதும். சனிக்கிழமை காலை செங்கோட்டை, மதியத்துக்கு மேல் காந்தி ஸ்மிருதி. ஞாயிறு காலை ஹுமாயூன் கல்லறை. 1857-ல் பகதூர் ஷா அடைக்கலம் புகுந்து பிடிபட்டது அங்கேதான். செங்கோட்டையில் கேட்ட கதையின் முந்தைய பாகம் அங்கே கிடைக்கும். 1947 பிரிவினையின்போது அகதிகள் தங்கியதும் அந்த வளாகத்தில்தான். பெரிய தோட்டம், பாட்டி நிழலில் உட்காரலாம், அம்மாவும் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். கோட்டையிலும் கல்லறையிலும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

மற்ற இடங்கள் விட்டுப்போகுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. குதுப்மினார் எண்ணூறு வருஷமாக அங்கேயேதான் நிற்கிறது, அடுத்த தடவை வரும்போதும் நிற்கும். பாட்டியின் முழங்கால்தான் அதுவரை தாங்காது.