மீரியபெத்தவும் தோட்டத்துப் பள்ளிக்கூடமும்

பேரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், தியலும நீர்வீழ்ச்சியை அடையுமுன் கொஸ்லந்தை என்னும் சிற்றூர் வருகின்றது. அதற்கு மேலே, தேயிலைச் சரிவின் மடியில் இருந்ததுதான் மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் நாள், புதன்கிழமை காலை, பெருமழையில் ஊறியிருந்த மலை பிளந்து லயங்களின் மீது இறங்கியது. வீடும் கோயிலும் பாதையும் சில நிமிடங்களிற் சேற்றினுள் மறைந்தன.

அந்த வேளையிற் பிள்ளைகள் பலர் லயங்களில் இல்லை. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தனர். வீட்டில் நின்ற பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் கைக்குழந்தைகளும் மண்ணுள் மறைந்துபோக, காலையிலே பள்ளிக்கூடம் போனவர்கள் உயிருடன் எஞ்சினர். மாலையில் அவர்கள் திரும்பி வருவதற்கு வீடு இல்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள பாடசாலைகளே உற்றாரை இழந்தவர்களின் அகதி முகாம்களாக மாறின. முதல் நாட்களில் மாண்டோர் தொகை நூற்றுக்கணக்கில் வரும் என்று செய்திகள் கூறின; பின்னர் அது பெரிதும் குறைந்தது. அந்த லயங்களில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடனடியாக எடுத்துரைக்கக்கூட நாட்டில் ஆளில்லை என்பதே அந்தத் தடுமாற்றத்தின் பொருள்.

அன்று பள்ளிக்கூடம் அப்பிள்ளைகளின் உயிரைக் காத்தது, அது தற்செயல். தற்செயலாக உயிரைக் காத்த அதே பள்ளிக்கூடம், திட்டமிட்டு அவர்களுக்கு ஒரு வாழ்வை அமைத்துக் கொடுக்க வல்லதாக இருக்கிறதா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த கேள்வி. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தமக்குரிய கேள்வியாகவே கொள்வர் என்று நம்புகிறோம்.

எச்சரிக்கையும் எழுத்தறிவும்

மீரியபெத்த மண்சரிவு எதிர்பாராது நேர்ந்ததன்று. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் மக்கள் போகவில்லையே என்று சிலர் குறைகூறினர். மக்களுக்கு அறிவூட்டாமையே காரணம் என்றனர் வேறு சிலர். இரண்டும் முழு உண்மை அல்ல. லயக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமன்று. தோட்டத்தில் வேலை செய்யும் வரை அவன் குடியிருக்கும் இடம் அது. அவன் எழுந்து போவதற்கு ஓரடி நிலமும் அவன் பெயரில் இல்லை. எச்சரிக்கைக் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தாலும், படித்த பின் எங்கே போவது?

ஆகவே கல்வி ஒன்றே சகல நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. நிலமும் வீடும் முகவரியும் இல்லாத ஒருவனுக்குக் கல்வி பாதி மருந்துதான். ஆயினும் நிலத்தையும் வீட்டையும் கேட்டுப் பெறுவதற்கு வேண்டிய நாவும் எழுத்தும் கல்வியினாலன்றி வாரா. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை.

ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறை

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் வரலாறு நாட்டின் ஏனைய பள்ளிக்கூடங்களின் வரலாறு அன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என விதித்தது. ஆனால் அக்கடமையை நிறைவேற்றியவர் யார்? கூலியாள் படித்தால் கூலியாளாக நிற்பானோ என்று ஐயுற்ற தோட்டத்துரையே. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. லயத்தின் ஒரு கோடியிலோ, பிள்ளை மடுவத்துக்கு அருகிலோ ஓர் அறை; அதில் ஓர் ஆசிரியர்; அவர் முன்னே ஐந்து வகுப்புகளின் பிள்ளைகள். அவ்வாசிரியர் பல இடங்களில் தோட்டத்து எழுத்து வேலைக்கும் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். அதன்பின் பையன் புல்வெட்டப் போவான்; பெண் கொழுந்துக் கூடையைத் தூக்குவாள்.

எனினும் அந்த ஒற்றை அறையை இகழ்ந்து பேச நமக்கு மனம் வரவில்லை. மலையகத் தமிழிலக்கியத்தின் தலைசிறந்த பெயர்களில் ஒன்றான தெளிவத்தை ஜோசப் (1934–2022) ஊவாவில், பதுளைப் பகுதித் தோட்டமொன்றிலே பிறந்தவர். அவருடைய தந்தையாரும் தோட்டத்து ஆசிரியர். அவரும் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தவர். வரைபடத்தில் தேடினாலும் எளிதிற் கிட்டாத ஒரு தோட்டத்தின் பெயரைத் தமிழ் உலகம் முழுதும் இன்று அறிந்திருக்கிறதெனில், அதற்குக் காரணம் ஓர் ஆசிரியர் அப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக் கொண்டமையே. இத்தனை குறுகிய வாயிலினூடாகவும் இத்தகையோர் வெளிவந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. அவ்வாயில் அகன்றிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பர் என எண்ணும்போது அம்மகிழ்ச்சி துயரமாகின்றது.

இலவசக் கல்வி எட்டாத மலை

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945ஆம் ஆண்டு இலங்கையில் இலவசக் கல்வி பிறந்தது. கிராமத்துக் குடியானவனின் மகன் மருத்துவனாகவும் பொறியியலாளனாகவும் வருவதற்கு வழிதிறந்த மகத்தான சீர்திருத்தம் அது. ஆயின் தோட்டத்துப் பாடசாலைகள் தோட்டத்தின் கையிலேயே நின்றன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை ஒதுக்கப்பட்டே கிடந்தன. கல்வியின் வாயில் நாட்டுக்குத் திறந்த காலத்தில் மலைக்கு அது திறக்கவில்லை.

இதனோடு குடியுரிமைக் கேள்வியும் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அரசாங்க உத்தியோகத்துக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை இல்லாத தந்தை மகனைப் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைத்து என்ன காண்பது? 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. இன்றோ நாளையோ கப்பலேற வேண்டிய குடும்பத்துப் பிள்ளை எந்த ஊர்ப் பாடசாலையில் எந்த வகுப்புவரை படிப்பது என்பதைத் திட்டமிட முடியுமா? 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் நாடற்ற நிலையைத் தீர்த்துவைத்தன. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறைகளின் பள்ளிப் பருவம் கழிந்துவிட்டது. ‘தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை’ என்று இன்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பயனில்லாத பயிருக்கு நீர் இறைக்கத் தயங்கிய விவசாயியைச் சோம்பேறி என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

பொறுப்பேற்பின் பின்னர்

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின், 1977ஆம் ஆண்டு முதற்கொண்டு தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945இல் பெற்றதைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறை கழித்தே பெறத் தொடங்கினர். சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. தோட்டத்திலே பிறந்து படித்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியராயினர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, மாற்றம் கிடைத்ததும் ஊர் திரும்பும் ஆசிரியரையே நம்பியிருந்த நிலை இதனால் மாறியது. லயத்திலே பிறந்த ஒரு பெண் சேலையுடுத்து வகுப்பினுள் நுழையும் காட்சியே மலைநாட்டுப் பெற்றோருக்குக் கல்வியின் பயனை உணர்த்திய முதற் பாடம் எனலாம். இம்முன்னேற்றத்தை மறைப்பது நியாயமாகாது.

ஆயினும், ஆசிரியத் தொழில் ஒன்றே ஏணியானமையின் அதன் படிகளிலும் நெரிசல் மிகுந்தது. 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் ஆயிரக்கணக்கிற் சேர்க்கப்பட்டபோது, அவர்களுக்கு அளிக்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய்; பின்னர் அது 10,000 ஆக உயர்ந்தது. பேருந்துக் கட்டணத்துக்கே போதாத தொகைக்கு உழைத்துக்கொண்டு, பயிற்சியும் பெற்று, நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் காத்திருந்தனர்.

எங்கே தடைப்படுகின்றது?

இன்றைய தடை எழுத்தறிவில் இல்லை. அதற்கு மேலே இருக்கின்றது. இலங்கையிற் பாடசாலைகள் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளையும் கொண்டவை ‘1ஏபி’. கலை, வர்த்தகத் துறைகளை மாத்திரம் கொண்டவை ‘1சி’. சாதாரண தரத்தோடு நிற்பவை இரண்டாம் வகை. ஆரம்ப வகுப்புகளை நடத்துபவை மூன்றாம் வகை. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரு வகைகளைச் சேர்ந்தவை. விஞ்ஞானமோ கணிதமோ தமிழில் உயர்தரத்துக்குக் கற்க விரும்பும் ஊவாத் தோட்டத்து மாணவன் பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களை நாட வேண்டும். அங்குள்ள தமிழ்ப் பாடசாலைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. நகரத்துக்குப் போவதெனில் விடியுமுன் எழுந்து, மலைப்பாதையில் இறங்கி, பேருந்துக்கு நிற்க வேண்டும். மழைநாளிற் பாதை மூடும். பிள்ளையை நகரில் தங்கவைக்கத் தொழிலாளியின் சம்பளம் இடங்கொடாது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற பையன் கொழும்பிலே புடைவைக் கடைக்குப் போய்ச் சேருகிறான் என்றால், அவன் தோற்றுப்போனவன் அல்லன். அவனுக்கு அடுத்த வகுப்பு இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் ஒரு நுட்பமான அநீதி இருக்கிறது. அனுமதியில் நாடளாவிய திறமைக்கு 40 வீதமும், மாவட்டங்களுக்கு 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் என ஒதுக்கப்படும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பதுளை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. நோக்கம் நல்லதே. ஆனால் மாவட்டம் என்ற அளவுகோல் மாவட்டத்தினுள்ளே உள்ள மேடு பள்ளத்தைக் காணாது. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தமிழர். அவர்களிற் பெரும்பாலோர் மலையகத் தமிழர். நகரத்துப் பெரிய பாடசாலை மாணவனும், விஞ்ஞானகூடத்தைக் கண்ணாலும் காணாத தோட்டத்து மாணவனும் ஒரே வெட்டுப்புள்ளியின் முன் நிறுத்தப்படுகின்றனர். பின்தங்கியோருக்கென வைத்த சலுகையின் பயன் முன்னேறியோரிடமே போய்ச் சேர்வதற்கு இதுவே வழியாகின்றது. 2005ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் எழுந்தது பெருமையே; அதன் வாயிலுக்கும் அருகிலுள்ள லயத்துக்கும் இடையிலான தூரத்தை மைல் கணக்கில் அளந்து பயனில்லை.

செய்யத்தக்கவை

மீரியபெத்த மக்கள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த பின், 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடு கிடைத்தது நன்று. ஆனால் மலை ஓயவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பூனாகலையில் மண் சரிந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலின்போது பதுளை மாவட்டம் பெருஞ் சேதத்துக்கு உள்ளாயிற்று. ஒவ்வொரு முறையும் பாடசாலையே முகாமாகின்றது. முகாமான பாடசாலையில் இடம்பெயர்ந்த பிள்ளையின் படிப்பு மட்டுமன்று, அங்கு முன்பே படித்தவர்களின் படிப்பும் நின்றுபோகின்றது.

எனவே நாம் வேண்டுவன சில. ஒவ்வொரு தோட்டத்திலும் பெரிய கல்லூரி அமைக்க இயலாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு தோட்டங்களுக்கு நடுவே, எல்லாத் துறைகளும் கொண்ட ஒரு தமிழ்ப் பாடசாலையும் அதனோடு இணைந்த விடுதியும் அமைக்க இயலும். தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க வல்ல பட்டதாரிகளுக்கு மலையிலே தங்கும் வீடு தரவேண்டும். வீடின்றி நல்லாசிரியர் நில்லார். பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டத்தோடு பின்தங்கிய பாடசாலையையும் கணக்கிற் கொள்ளவேண்டும். மண்சரிவுக்கு இடமான சரிவில் நிற்கும் பாடசாலைகள் எவை என்பதைப் பெற்றோர் அறியத் தமிழில் வெளியிடவேண்டும். இடர்காலத்துக்கெனப் பாடசாலை அல்லாத வேறு மண்டபங்கள் வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பர். நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலை இந்த நாட்டுக்கு ஈட்டித் தந்த அந்நியச் செலாவணி எங்கே போயிற்றோ, அங்கே கேட்டுப் பார்க்கலாம். அது தருமம் அன்று. தாமதமாகத் தீர்க்கப்படும் கடன்.

2014ஆம் ஆண்டு அந்தக் காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். சிலர் வேலைக்குப் போயிருப்பர்; சிலர் பெற்றோராகியும் இருப்பர். அவர்களின் பிள்ளைகளும் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையுடன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாக நடந்து செல்வர். அந்த வரிசை சென்று சேரும் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு மேலும் ஒரு வகுப்பு இருக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.