பையில் இருப்பது வீட்டு மீனா, பவளப்பாறை மீனா? சீட்டைக் கேளுங்கள்!

வேப்பம்பட்டில் காலை ரெயிலில் ஏறினார் ஒரு ஆசாமி. கையில் தெர்மோகோல் பெட்டி. மேலே துண்டு போட்டு மூடியிருந்தார். கூட்டம் நெருக்க நெருக்க, தன் காலைக்கூட கவனிக்காமல் பெட்டியைத்தான் காப்பாற்றினார்.

கிரைம் செய்தி எழுதுகிறவனுக்கு மூடிய பெட்டி என்றாலே சந்தேகம். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னண்ணே பெட்டியில?"

"குஞ்சு, தம்பி."

"கோழிக் குஞ்சா?"

"மீன் குஞ்சு. கடல் மீன்."

துண்டை விலக்கினார். பாலித்தீன் பைகள். பைக்கு இரண்டு மீன். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. 2003-ல் வந்த ஆங்கிலக் கார்ட்டூன் படத்துக்குப் பிறகு பிள்ளைகள் "நீமோ" என்று கூப்பிடுகிறார்களே, அந்தக் கோமாளி மீன். ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பொரிந்த தேதி, தின்னும் தீனி, தண்ணீரின் உப்பு அளவு.

வேப்பம்பட்டில் ஏது கடல்? உப்பை மூட்டையாக வாங்கிக் கரைத்து, வீட்டுப் பின்கட்டில் கடலை உண்டாக்கியிருக்கிறார் மனுஷன்!

அப்பன் காவல்

குப்பி, மோலி, தங்க மீன் பெருக்குவதில் கொளத்தூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கடல் மீன் சங்கதி வேறு. கோமாளி மீன் ஓட்டிலோ சட்டியிலோ நூற்றுக்கணக்கில் முட்டையை ஒட்டி வைக்கும். காவல் காப்பது அப்பன். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, விளக்கை அணைத்த ராத்திரியில் பொரியும்.

அதோடு முடிந்ததா? குஞ்சு தூள் தீனியைத் தொடாது. அந்தச் சின்ன வாய்க்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் வேண்டும். ரோட்டிஃபர் பிழைக்கப் பச்சைப் பாசித் தண்ணீர் வேண்டும். கொஞ்சம் வளர்ந்தால் ஆர்ட்டீமியா. ஒரு மீனுக்காக மூன்று பண்ணை! (ஜோடியில் பெரியதுதான் பெண். அது செத்துப் போனால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். இதைக் கேட்டதும் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டார்.)

"ராத்திரி கரண்ட் போனா வீட்டுல முதல்ல எழுந்திரிக்கிறது நான்தான் தம்பி. காத்து மோட்டார் நின்னா அத்தனையும் காலி" என்றார்.

இதில் காசில்லாத வியாபாரமும் உண்டு. இவர் வீட்டு ரோட்டிஃபர் செத்துப் போனால் அம்பத்தூரில் இன்னொரு மீன் பிரியர் ஒரு பாட்டில் கொடுப்பார். பதிலுக்கு இரண்டு ஜோடி குஞ்சு. பண்டமாற்று! ஆனால் ஒரு ஈட்டில் நூறு குஞ்சு தேறினால், நண்பர்களுக்குக் கொடுத்தது போக மீதி கடைக்குத்தான் போக வேண்டும்.

கிழிந்த சீட்டு

வில்லிவாக்கத்தில் இறங்கினார். நானும் கூடவே போனேன். கடைக்காரர் முதலில் செய்த வேலை, சீட்டைக் கிழித்துப் போட்டது. அடுத்தது, கடலில் பிடித்து வந்த மீன்கள் நீந்திய தொட்டியிலேயே இவற்றையும் கொட்டியது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

"பட்டை கோணலா இருக்கே" என்று சொல்லி அதிலும் பத்து இருபது குறைத்தார். வீட்டில் பிறந்த மீனுக்குச் சில நேரம் பட்டை கோணும். அது குற்றமா? ஒரு வகையில் வீட்டு மீன் என்பதற்கு அதுவே அடையாளம்!

இப்படி ஒரு கடையில் நானே ஏமாந்தவன்தான். "பண்ணை மீன்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாள் எதையும் தின்னவில்லை. நாலாம் நாள் மிதந்தது.

கேட்டால் "சின்ன மீன்தானே" என்பார்கள். சின்னதல்ல. கடலில் கோமாளி மீன் குடியிருப்பது கடல் சாமந்தியில். ஜோடியைப் பிடித்துவிட்டால் வீடு காலி. பிலிப்பைன்சில் 1960-களிலிருந்தே சயனைடு தெளித்து அலங்கார மீன் பிடித்தார்கள். மீன் மயங்கியது, பவளம் செத்தது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றி நமக்கும் பவளப்பாறை இருக்கிறது. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் அது.

சட்டம் வந்தது, போனது

2017-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 158 வகை மீன்களைத் தொட்டியில் வைக்கவோ விற்கவோ கூடாது என்றது. கோமாளி மீனும் அந்தப் பட்டியலில் இருந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். 2018-ல் விதியே வாபஸ். அன்று வீட்டில் பெருக்கியவர் பாடும் திண்டாட்டமாகத்தான் இருந்தது. விதி போன பிறகு பாறையில் பிடித்தவனும் அவரும் ஒரே தராசில்!

இத்தனைக்கும் கடல் மீன் பெருக்கும் வித்தையை ஊருக்குக் கற்றுக் கொடுத்ததே அரசு நிலையங்கள்தான். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலை பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இரண்டிலும் கோமாளி மீனைப் பொரிக்க வைத்தார்கள். வித்தையைக் கொடுத்தவர்கள் ஒரு நம்பரையும் கொடுக்கலாமே? வீட்டில் பெருக்குகிறவரை மீன்வளத்துறை பதிவு செய்யட்டும். அவர் நம்பரோடு சீட்டு போகட்டும். சீட்டைக் கிழிக்கும் கடைக்கு அபராதம் போடட்டும்.

கள்ளச் சீட்டு வராதா? வரும். ரேஷன் கார்டிலேயே வந்ததே! ஆனால் வீட்டில் பெருக்குகிறவரால் தாய் மீனையும் தகப்பன் மீனையும் தொட்டியில் காட்ட முடியும். பாறையில் பிடித்தவன் எதைக் காட்டுவான்?

பெருக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீனோடு சேர்த்து "லைவ் ராக்" என்று பவளக் கல்லை விற்காதீர்கள். கடல் குதிரை பக்கமே போகாதீர்கள். இரண்டும் 2001-லிருந்து வனவிலங்கு சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. மாட்டினால் என் கிரைம் பக்கத்தில்தான் உங்கள் பெயர் வரும்.

வாங்குகிறவர்களே, பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள். வீட்டு மீன் பாய்ந்து வந்து தின்னும். அப்படியே சீட்டு எங்கே என்றும் கேளுங்கள்.

போன வாரம் அதே ரெயிலில் அண்ணனைப் பார்த்தேன். பெட்டி இல்லை. அடுத்த ஈடு முட்டை வைத்திருக்கிறதாம்.

"சீட்டு எழுதுவீங்களாண்ணே?"

"எழுதத்தான் போறேன். இந்த வாட்டி பைக்கு உள்ளே போட்டு சீல் வைக்கப் போறேன்" என்றார்.