சாமான் லாரியின் மேல் சம்சாரமும் பிள்ளைகளும்! விபத்து நடந்தால் நஷ்டஈடு யார் தருவார்?

அத்திப்பட்டு:

வீடு காலி செய்கிற நாள் என்றால் தெருவே கூடி நிற்கும். பீரோ ஏறும். கட்டில் ஏறும். கிரைண்டர் ஏறும். கடைசியில் துளசித் தொட்டியும் ஏறும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகி விடும்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வரும். "பொம்பளைங்க, பசங்க எல்லாம் எதுல வர்றது?"

"அதான் பின்னால இடம் கெடக்கே! மெத்தையை விரிச்சு மேலே தார்ப்பாயைக் கட்டிட்டா, ஜம்முனு படுத்துக்கிட்டே வந்துடலாம்" என்று கூட்டத்தில் ஒருவர் யோசனை சொல்வார்.

டிக்கெட் காசு மிச்சம். குடும்பமும் ஒன்றாகப் போய்ச் சேரும். எல்லோரும் தலையாட்டி விடுவார்கள்.

ஆபத்தே இந்த யோசனையில்தான் இருக்கிறது. வண்டி கவிழ்ந்தால் உயிருக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. அப்படிப் போகிறவர்களுக்கு இன்சூரன்சு கம்பெனி நஷ்டஈடு தரவேண்டிய கட்டாயம் சட்டத்தில் கிடையாது!

மாறிக்கொண்டே இருக்கும் ஊர்

அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்தில் வீடு மாறுவது சாதாரண சங்கதி. அத்திப்பட்டு புதுநகரை ஒட்டி வடசென்னை அனல் மின்நிலையம். வல்லூரில் 1,500 மெகாவாட் மின்நிலையம். 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் இப்போது காமராஜர் துறைமுகம். பக்கத்திலேயே காட்டுப்பள்ளி துறைமுகம். பெட்ரோலிய டேங்குகள், கன்டெய்னர் கிடங்குகள்.

வேலைக்காக வந்து குடியேறுகிறவர்களும் உண்டு. வேலை முடிந்து மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு. அரசு அனல் மின்நிலையங்கள் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் இருக்கின்றன. மாற்றல் ஆர்டர் வந்தால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். பள்ளிக்கூட லீவில், மே மாதத்தில்தான் கூட்டம். அப்போது லாரி வாடகையும் எகிறும். எகிறுகிற வாடகையைச் சமாளிக்கத்தான் "ஒரே வண்டியில் எல்லாரும்" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

நாமே ஓட்டினால் என்ன?

அமெரிக்காவில் வீடு மாறுகிறவர் லாரியை வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு போவார். போய்ச் சேர்ந்த ஊரில் அந்தக் கம்பெனியின் கிளையில் வண்டியை விட்டுவிடலாம். 'யூ-ஹால்' என்ற கம்பெனி 1945-ல் இதைத் தொடங்கியது.

நம் ஊரில் அந்த வழக்கம் வரவில்லை. ஓட்டுகிறவரே இல்லாமல் வாடகைக்கு விட, காருக்கு 1989-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு 1997-ல் வந்தது. லாரிக்கு அப்படி ஒன்று வரவில்லை. இங்கே லாரி வாடகை என்றால் டிரைவரோடு சேர்த்துத்தான்.

லைசென்சு விஷயத்தில் மட்டும் ஒரு தடை நீங்கியிருக்கிறது. கார் லைசென்சு வைத்திருப்பவர் 7,500 கிலோ வரை மொத்த எடை உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் பெஞ்சு தீர்ப்பளித்தது. வண்டியின் எடையும் பாரத்தின் எடையும் சேர்ந்த கணக்கு இது. 'குட்டி யானை' முதல் சின்ன மினி லாரிகள் வரை இதில் அடங்கும்.

ஆக, மைத்துனர் வீட்டு மினி லாரியை மச்சான் கார் லைசென்சை வைத்து ஓட்டினால், லைசென்சு இல்லை என்று கம்பெனி கைவிரிக்க முடியாது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. அது வேறு சட்டம், வேறு கணக்கு.

கேபினில் ஒரு சீட்டு

அந்தக் கணக்கு இதுதான்.

சரக்கு வண்டி சரக்குக்காக. அதில் ஆள் ஏற்ற பெர்மிட்டு கிடையாது. 1994-க்கு முன்பு சரக்குக்குச் சொந்தக்காரருக்கே இன்சூரன்சு பாதுகாப்பு கட்டாயமாக இல்லை. அந்த ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் சார்பில் வருகிறவர் என்று சேர்த்தார்கள். வீட்டுச் சாமானுடன் போகிறவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அதுதான்.

மற்றவர்கள்? 'ஓசிப் பயணி'க்கு இன்சூரன்சு கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், சரக்கு வண்டியில் ஓசியில் போகும் பயணிகளுக்கு இன்சூரன்சு கட்டாயமில்லை என்று சட்டத்திலேயே எழுதி விட்டார்கள்.

"வீட்டுச் சாமான் குடும்பத்துக்கே சொந்தம்தானே? அப்போ எல்லாரும் சொந்தக்காரங்கதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அதற்கும் 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு பதில் சொல்லியிருக்கிறது. சொந்தக்காரரே ஆனாலும், கேபினில் உட்கார்ந்து வர வேண்டும். சரக்கோடு சரக்காகப் பின்னால் ஏறி வருவதைச் சட்டம் நினைத்தும் பார்க்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கேபினிலும் எத்தனை பேர்? ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை சீட்டு போட்டிருக்கிறதோ, அத்தனை பேர்தான். குட்டி யானையில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர். அந்த ஒரு சீட்டில் அப்பா உட்கார்ந்தால், அவருக்குப் பாதுகாப்பு உண்டு. பின்னால் மெத்தையில் தூங்கும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இல்லை. ஒரே வண்டி, ஒரே குடும்பம்; சட்டத்தின் கண்ணில் இரண்டு ஜாதி!

அப்படியானால் யார் தருவார்?

வண்டி முதலாளி தர வேண்டும். கோர்ட்டு அவர் மீது உத்தரவு போடும். ஆனால் அந்த முதலாளி யார்? மாதத் தவணை கட்டி ஒரே ஒரு மினி லாரி ஓட்டுகிறவராக இருப்பார். பல நேரம் டிரைவரும் அவரேதான். லட்சக்கணக்கில் உத்தரவு வந்தால், வண்டியையே விற்றாலும் கட்ட முடியாது.

"முதலில் கம்பெனி பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்து கொள்ளட்டும்" என்று இரக்கப்பட்டு உத்தரவிட்ட வழக்குகளும் உண்டு. ஆனால் அதை நம்பி லாரியில் ஏற முடியுமா? பல வருஷம் கோர்ட்டு வாசலில் நின்ற பிறகு தெரிகிற விஷயம் அது.

டிரைவருக்கும் சிக்கல்தான். பெர்மிட்டு விதியை மீறினால் ரூ.10 ஆயிரம் அபராதம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் லைசென்சை 3 மாதத்துக்குக் குறையாமல் சஸ்பெண்டு செய்ய வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டு அமைத்த கமிட்டி 2015-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 3 மாதம் வண்டி ஓட்டாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. "பாவம், குடும்பம்தானே" என்று ஏற்றிக்கொள்கிற டிரைவர் தன் பிழைப்பையே பணயம் வைக்கிறார்.

ஜவ்வாது மலையில் நடந்தது

2022 ஏப்ரல் 2-ந் தேதி. யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் செம்பரை கோவிலுக்குப் போன கூட்டம் ஒரு சரக்கு வேனில் ஏறியது. மலை ஏற்றத்தில் வேன் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் உருண்டது. 11 பேர் பலி. பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள்.

அவர்கள் போனது கோவிலுக்கு. வீடு மாற்ற அல்ல. ஆனால் ஏறியது அதே மாதிரி வண்டி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. சீட்டு இல்லை. பெல்ட் இல்லை.

வீட்டுச் சாமான் லாரியில் இன்னும் ஒரு கண்டம் உண்டு. பிரேக் அடித்தால் பீரோ முன்னால் பாயும். குலுங்கினால் கிரைண்டர் கல் உருளும். வண்டி கவிழவே வேண்டாம். பள்ளத்தில் விழுந்து எழுந்தாலே போதும்.

வழியும் தூக்கமும்

முன்பெல்லாம் அத்திப்பட்டிலிருந்து தெற்கே போகும் லாரி, மணலி, மாதவரம் என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே டிரைவர் பாதி களைத்து விடுவார்.

இப்போது மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. நெமிலிச்சேரி – மீஞ்சூர் பகுதி 2021-ல் திறந்த பிறகு, சென்னைக்குள் நுழையாமலே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துவிடலாம். சுங்கம் கட்ட வேண்டும். ஆனால் நேரமும் டீசலும் மிச்சம்.

ஆனால் ரோடு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? தூத்துக்குடி 600 கிலோமீட்டருக்கு மேல். பாரத்தோடு மணிக்கு சராசரி 45 கிலோமீட்டர் போனால், நிற்காமல் ஓட்டினாலே 13 மணி நேரம். மோட்டார் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தார்கள்.

"ராத்திரி ஏத்துனா காலையில இறக்கிடலாம்ல?" என்று டிரைவரை நெருக்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பகலெல்லாம் லோடு அடித்துவிட்டு வந்தவரா, தூங்கி எழுந்து வந்தவரா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இரண்டாவது டிரைவருக்கு பேட்டா கொடுப்பது செலவல்ல. அது முடியாவிட்டால் விழுப்புரத்திலோ திருச்சியிலோ நிறுத்தி, அவரை மூணு மணி நேரம் தூங்க விடுங்கள். பால் காய்ச்சும் நேரம் தள்ளிப் போனால் பரவாயில்லை.

ரசீது எங்கே?

சாமானுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். "எல்லாம் பேசியாச்சு" என்று வாய்வார்த்தையில் ஏற்றி அனுப்புகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். போனில் ஒரு ரேட்டு, இறக்கும் ஊரில் வேறு ரேட்டு. "மீதியைக் கொடுத்தால்தான் சாமானை இறக்குவோம்" என்று நடுத்தெருவில் மிரட்டுவது பழைய தந்திரம்.

2007-ம் ஆண்டு சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பிறர் சரக்கைத் திரட்டி அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டுக்காரர் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரக்குக்கு ரசீது தர வேண்டும். சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு கொடுத்தால்தான் வழக்கு நிற்கும்.

ஏற்றும்போதே சாமான் பட்டியல் இரண்டு பிரதி எழுதி, டிரைவரிடம் ஒரு கையெழுத்து. வாடகை, சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் தலையில் என்பதும் அதிலேயே எழுத வேண்டும். தகராறு வந்தால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் கமிஷனில் புகார் கட்டணமே கிடையாது.

வடக்கே நெல்லூர், கிருஷ்ணாபட்டினம் பக்கம் வேலை கிடைத்துப் போகிறவர்கள், வண்டிக்கு நேஷனல் பெர்மிட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எளாவூர் சோதனைச்சாவடியில் போய் நின்ற பிறகு பார்த்துப் பயனில்லை. "பில் எங்கே?" என்று யாராவது கேட்டால் பயப்பட வேண்டாம். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கிறது.

முக்கியமாக, கேஸ் சிலிண்டர்! அதை மெத்தைக்கு நடுவே சொருகி அனுப்புவது வேண்டாம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, மாற்றுச் சீட்டு எடுத்துப் போனால் புது ஊரில் இணைப்பு கிடைக்கும். மோட்டார் சைக்கிளை ஏற்றினால் டேங்க் பெட்ரோலை இறக்கிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது ஒன்றே

வீட்டுத் தலைவரோ, விவரம் தெரிந்த ஒருவரோ கேபினில் உட்காரட்டும். பட்டியல், ரசீது அவர் கையில் இருக்கட்டும்.

மற்றவர்கள் அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கட்டும். தூத்துக்குடிக்கு எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மேட்டூர் போகிறவர்களுக்குச் சேலம் வரை ரயில், அங்கிருந்து பஸ்.

ரயிலில் போகிறவர்கள் சாமி படம், உப்பு, மஞ்சளைக் கையோடு எடுத்துப் போகட்டும். எப்படியும் புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியவை அவைதானே!

வாடகை பேசும்போது 500 ரூபாய் குறைக்க அரை மணி நேரம் வாதாடுகிறோம். யார் எதில் உட்காருவது என்று பேச ஒரு நிமிஷம் செலவழித்தால் போதும். பீரோ நசுங்கினால் தட்டி நிமிர்த்தி விடலாம்.