பாட்டியின் குரலை எந்த ஃபைலில் சேமிப்பது?

துபாயில் இருந்த அப்பாவுக்கு அம்மா பேசி அனுப்பிய கேசட், கல்யாண வீட்டு நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு... பரணில் கிடக்கும் இவற்றை இப்போது பல வீடுகளில் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். பதிவு முடிந்து 'சேவ்' கொடுக்கும்போதுதான் குழப்பம். வேவ், எம்பி3, ஃபிளாக்... எதைத் தேர்ந்தெடுப்பது?

வேவ்: பதிவான ஒலி அப்படியே இருக்கும். ஆனால், சிடி தரத்தில் 60 நிமிட கேசட்டுக்குச் சுமார் 635 எம்.பி. இடம் வேண்டும்.

எம்பி3: அதே கேசட் 128 கேபிபிஎஸ்-ஸில் 58 எம்.பி-க்குள் அடங்கிவிடும். காரணம், நம் காது கவனிக்காது என்று கணக்கிடும் ஒலிகளை இது நீக்கிவிடுகிறது. நீக்கியது நீக்கியதுதான், திரும்ப வராது.

ஃபிளாக்: 2001-ல் வந்த இலவச ஃபார்மட். மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி. இடம் குறையும், பிரித்தால் ஓர் இழைகூடக் குறைந்திருக்காது. பெரும்பாலும் வேவ் ஃபைலில் பாதி அல்லது சற்றே கூடுதலான அளவில் முடிந்துவிடும். யார் குரல், எந்த வருடம் என்ற விவரங்களையும் உள்ளேயே சேர்க்கலாம்.

பலர் செய்யும் தவறு இது: முதலில் எம்பி3-யாகச் சேமித்துவிட்டு, பிறகு அதை ஃபிளாக்காக மாற்றுவது. இதில் ஃபைல்தான் பெருக்கும். போன ஒலி வராது. எம்பி3-யை எடிட் செய்து மறுபடி எம்பி3-யாகவே சேமிப்பதும் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

என்ன செய்யலாம்?

* கேசட்டிலிருந்து நேரடியாக ஃபிளாக்கில் சேமியுங்கள். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். இதுதான் மூலப்பிரதி. ஹார்ட் டிஸ்க் ஒன்று, வேறோர் இடத்தில் இன்னொன்று என இரண்டு காப்பி வையுங்கள்.

* மொபைலில் கேட்கவும் சொந்தங்களுக்கு அனுப்பவும் அதிலிருந்து 256 அல்லது 320 கேபிபிஎஸ் எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இயர்போனில் கேட்கும்போது வித்தியாசம் தெரிவது அரிது.

* ஆப்பிள் மியூசிக் ஆப் பயன்படுத்துபவர்கள் ஃபிளாக்குக்குப் பதில் 'ஆப்பிள் லாஸ்லெஸ்' தேர்ந்தெடுக்கலாம். அதிலும் ஒலி இழப்பு இல்லை.

ஏற்கெனவே எம்பி3-யாக வாங்கிய சினிமா பாட்டுகளை மாற்ற வேண்டியதில்லை. தேவைப்பட்டால் அவற்றை நல்ல தரத்தில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் தாலாட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால், வேலை முடிந்தாலும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!